ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும்: கிரீஸ் கன்னைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மதுரைப் பக்கம் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஷெட்டில் முடங்கிக் கிடக்கிறதென்றால், துருப்பிடித்துப் போயிருக்கும் என்று பார்க்காமலே முடிவுகட்ட வேண்டாம். கடற்காற்று இல்லாத ஊர் இது. கூரைக்கு அடியில் நின்ற வண்டியின் சேஸியைச் சுத்தியலால் தட்டினால் பல இடங்களில் இன்னும் கிண்ணென்று சத்தம் வரும். இங்கே வண்டியைக் கெடுப்பது தூசியும் வெயிலும். அவற்றைவிடவும், போகக் கூடாத இடத்துக்குப் போன கிரீஸ்.

ஹெரால்டைச் சொன்னால் ஸ்பிட்ஃபயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த சேஸியைத்தான் வெட்டிக் குட்டையாக்கினார்கள். முன் சஸ்பென்ஷன், பின்பக்கக் குறுக்கு ஸ்பிரிங், இன்ஜின் எல்லாம் ஒரே வம்சம். நம்மூர் ஹெரால்டு 1961 முதல் சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. ஆகவே நாலு கதவு ஹெரால்டில் வேலை கற்ற கை, ஸ்பிட்ஃபயர் வந்து நின்றாலும் தடுமாறாது. பானட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். இந்த வசதி வேறு எந்த வண்டியில் இருக்கிறது?

முதலில் முன்சக்கரம். உயிர் போகிற சமாச்சாரம் இதுதான்.

சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் துண்டுக்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். அதன் மேல்முனையில் ஒரு பால் ஜாயின்ட். கீழ்முனையில் திருகுகிற மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்த வெண்கலத் துண்டுதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க், டிரன்னியனுக்குள் போல்ட் நட்டுக்குள் சுற்றுவதைப் போலச் சுற்றுகிறது. வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த மரையின் மேல். வலப்பக்க டிரன்னியனுக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை. மாற்றி ஏற்ற முயன்று மரையை நாசம் பண்ணுகிறவர்கள் உண்டு. கழற்றும்போதே பெயின்டால் 'இ', 'வ' என்று எழுதி வைத்துவிடுங்கள்.

இந்த மரைக்குப் போக வேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில். கம்பெனி சொன்னது அதுதான்: 6,000 மைலுக்கு ஒரு தடவை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் அம்பாசடரிலும் லாரியிலும் கை பழகியவர்களுக்கு, நிப்பிள் (கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனை) கண்ணில் பட்டால் கிரீஸ் கன் தானாகக் கைக்கு வந்துவிடும். "அடிச்சாச்சுண்ணே, இனி ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்புவார்கள். நல்ல மனதோடு செய்கிற தப்பு.

கிரீஸ் ஏன் ஆகாது? மரைக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருப்பது தலைமுடி அளவு இடைவெளி. ஆயில் அதற்குள் ஊர்ந்து எல்லாச் சுற்றையும் நனைக்கும். கிரீஸ் ஊராது, முதல் சில சுற்றிலேயே நின்றுவிடும். நம்மூர் வெயிலில் அதன் எண்ணெய் பிரிந்து வடிய, மிச்சம் சோப்புக் கட்டி மாதிரி இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் சரியான ஆயிலையே அடித்தாலும் உள்ளே போகாது. மேலே இருக்கிற ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீரும் மண்ணும் இறங்கும். மரை துருப்பிடிக்கும், இறுகும். இறுகிய பிறகும் நாம் ஸ்டியரிங்கைத் திருப்புகிறோமே, அந்த முறுக்கு எங்கே போகும்? லிங்கின் மரை தொடங்குகிற கழுத்தில் போய் விழும். அங்கே ஒரு கீறல் விட்டு, ஒருநாள் முறியும். சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் படுத்துவிடும். பெரும்பாலும் இது நடப்பது வண்டியை மெதுவாக முழு லாக்கில், அதாவது ஸ்டியரிங் முட்டும்வரை, திருப்பி நிறுத்தும்போது. முறுக்கு அதிகம் விழுவது அப்போதுதான். ரிங் ரோட்டில் அறுபதில் போகும்போதும் நடக்காது என்று எழுதிக் கொடுக்க முடியாது.

அறிகுறிகள் முன்கூட்டியே தெரியும். ஸ்டியரிங் கனக்கும். திருப்பத்துக்குப் பிறகு தானாக நேருக்கு வராது. ஹெரால்டின் ஸ்டியரிங் ராக் அண்ட் பினியன். நல்ல நிலையில் சுண்டுவிரலுக்கு அடங்கும். அது கனத்தால் டயர் காற்றைப் பாருங்கள், அடுத்துச் சந்தேகம் டிரன்னியன் மேல்தான்.

சோதிப்பது இப்படி. சேஸிக்கு ஸ்டாண்ட் கொடுத்து முன்சக்கரம் இரண்டையும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு கோக்கிற டை ராடு எண்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கமும் சக்கரத்தைக் கையால் லாக்கிலிருந்து லாக் வரை திருப்புங்கள். ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் பிடித்தாலோ நறநறத்தாலோ பிரித்தே ஆக வேண்டும். பிறகு சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் அல்லது டிரன்னியன். எது ஆடுகிறதென்று இடுக்கில் விரலை வைத்தாலே தெரிந்துவிடும்.

நல்ல நிலையில் இருக்கிற டிரன்னியனுக்கு ஆயில் ஏற்றுவது கால் மணி நேர வேலை. அதற்கென்று தனியாக ஒரு கிரீஸ் கன் வாங்கி, கிரீஸே படாமல், 90 ஆயில் மட்டும் ஊற்றி வையுங்கள். கன் ஒழுகத்தான் செய்யும். ஆயிலைத் தாங்கவென்று செய்த சாமான் இல்லை அது. கீழே ஒரு தகர டப்பா வைத்தால் போச்சு. டிரன்னியனில் ஒரு சின்ன பிளக் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் போடுங்கள். சக்கரம் தூக்கியே இருக்கட்டும், பாரம் விழுந்தால் மரையின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஆயிலை விடாது. மேல் சீலைச் சுற்றி ஆயில் கசியும்வரை அமுக்குங்கள். முதலில் கறுப்பாக வரும். ஸ்டியரிங்கை நாலைந்து தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, மறுபடி அமுக்குங்கள். தேன் நிறத்தில் வந்தால் போதும். எவ்வளவு அமுக்கியும் மேலே வரவில்லை என்றால் உள்ளே பழைய கிரீஸ் அடைத்திருக்கிறது, கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவது சக்கரத்தை எடுத்து, டை ராடு எண்டைப் பிரித்து, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்டை எடுப்பதில் தொடங்குகிறது. வண்டி தூக்கியிருக்கும்போது ஸ்பிரிங்கின் விரிவைத் தடுத்துப் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். ஆகவே ஸ்பிரிங்கும் அதுவும் ஜோடியாக அப்படியே வெளியே வரும். அந்த ஜோடியை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கத்தான் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றுவது தற்கொலை முயற்சி.

அடுத்து டிரன்னியனையும், சேஸியிலிருந்து அதைப் பிடித்திருக்கிற கீழ்க் கையான விஷ்போனையும் கோக்கிற நீள போல்ட். மூன்று நாள் பொறுமையைக் கேட்கிற இடம் இது. போல்ட் ஒரு இரும்புக் குழலுக்குள்ளே போகிறது, குழலைச் சுற்றி நைலான் புஷ். போல்டும் குழலும் துருவேறி ஒன்றாகிவிட்டால் நட்டை எடுத்த பிறகும் போல்ட் அசையாது. கேஸ் வைத்துச் சுட்டால் நைலான் உருகி நாறும், அவ்வளவுதான். சம்மட்டியால் போட்டால் போல்டின் தலை பூத்துக்கொள்ளும், விஷ்போன் கோணும். டிரன்னியனுக்கும் விஷ்போனுக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஆக்சா பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் போல்டை அறுத்துவிடுங்கள். போல்ட், குழல், நைலான் புஷ், ரப்பர் வளையம், தூசி மறைக்கிற தகட்டு வாஷர் எல்லாம் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம். திரும்பப் பூட்டும்போது புது போல்டுக்கும் குழலுக்கும் நடுவே தாராளமாகக் கிரீஸ் பூசுங்கள். இங்கே கிரீஸ் நல்லது.

கையில் வந்த வெர்டிகல் லிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, பித்தளை பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். மரையில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தால் அது குப்பைக்கு. மரை தொடங்குகிற கழுத்தைத்தான் ரொம்ப உற்றுப் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்குக் கீறல் தெரியாது. வெல்டிங் பட்டறைகளில் டை பெனட்ரன்ட் என்று மூன்று டப்பா ஸ்பிரே வைத்திருப்பார்கள்: துடைக்க ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளைப் பொடி ஒன்று. சாயத்தை அடித்து, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வெள்ளையை அடித்தால், கீறல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல எழும்பி வரும். கோடு தெரிந்தால் பேச்சே இல்லை, லிங்க் மாற்ற வேண்டும். வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டிரன்னியனைக் கப்பலூரிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ லேத்தில் கடைந்து வாங்கலாமா என்று கேட்பார்கள். நல்ல டர்னரால் முடியும். ஆனால் கையில் கிடைத்த பித்தளைத் தண்டில் கடைந்தால் சீக்கிரம் தேயும்; வெண்கலம்தான் வேண்டும். இரட்டைச் செலவுக்குப் பதில் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதே நல்லது. ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் அங்கே இன்னமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். டிரம் பிரேக் வண்டிக்கும் டிஸ்க் பிரேக் வண்டிக்கும் லிங்க் வேறு, ஆகவே வெர்னியரால் பழையதை அளந்து வைத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

பூட்டும்போது மரைக்கு ஆயில் தடவி, டிரன்னியனை முழுவதும் திருகி ஏற்றிவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் முழு லாக் திரும்புகிற முதல் இடம்வரை பின்னால் திருப்புங்கள். கடைசிவரை இறுக்கி விட்டால் ஒரு பக்கம் திரும்பும்போது அடியில் முட்டும். வீல் பேரிங் நட்டை, ஹப்பைச் சுற்றிக்கொண்டே லேசாகப் பிடிக்கும்வரை இறுக்கி, நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் அளவு பின்னால் விட்டு, ஸ்பிளிட் பின் போடுங்கள். விஷ்போனின் உள்முனை ரப்பர் புஷ் போல்டுகளை மட்டும், வண்டி தரையில் நின்று பாரம் விழுந்த பிறகு கடைசியாக டைட் செய்யுங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பின்பக்கத்துக்கு வருவோம். டிஃபரன்ஷியலின் தலைமேல் ஒரே ஒரு குறுக்கு பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் அரை ஆக்சில் தனித்தனியாக ஆடும். ஸ்விங் ஆக்சில் என்பது இதுதான். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போதோ இதன் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வளைவின் நடுவில் வேகமாகப் போய்விட்டோமே என்று பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கி, டயர் ஓரத்தில் நிற்கும், வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனதும் சீராக மிதித்துக்கொண்டே வெளியேற வேண்டும். இங்கிலாந்தில் 1970-ல் நாலாவது மார்க் ஸ்பிட்ஃபயரில், ஸ்பிரிங்கின் அடிப்பட்டையை மட்டும் இறுகப் பிடித்து மற்றவற்றை நடுவில் அசையவிட்டு இந்தக் குணத்தை அடக்கினார்கள். நம்மூரில் 1972-ல் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்ட் கசெல் கார், ஸ்விங் ஆக்சிலையே விட்டுவிட்டு ஒரே முழு ஆக்சிலுக்குப் போய்விட்டது.

தொய்ந்த ஸ்பிரிங் என்றால் பின்சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, டயரின் உள்ளோரம் மொட்டையாகும். ஆனால் ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே பார்த்தால் வண்டி பின்னால் உயர்ந்தே நிற்கும். பத்தடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். கிளட்ச் விடும்போது பின்னால் 'டக்' என்று கேட்டால் அரை ஆக்சிலின் யூ.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸைப் பாருங்கள். பின் ஹப் பேரிங்குக்கு அடியில் ஒரு பிளக் உண்டு, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 12,000 மைலுக்கு ஒருமுறை அங்கே நிப்பிள் போட்டு கிரீஸ் அடிக்க வேண்டும். நாலைந்து அமுக்கு, அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போகும். ஹப்பைக் கழற்ற நேர்ந்தால் நல்ல கனமான புல்லர் வேண்டும். சுத்தியலோடு வருபவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இன்ஜினில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: கிராங்க் (இன்ஜினுக்குள் சுழல்கிற பிரதான தண்டு) திரஸ்ட் வாஷர். 948 சி.சி. இன்ஜினின் பின் மெயின் பேரிங்கில் அரை நிலா வடிவில் இரண்டு வாஷர்கள் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அவைதான். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு ஒரு வாஷரின் மேல் அழுத்தும். கோரிப்பாளையம் சிக்னலிலோ காளவாசலிலோ கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கிறவர், மிதித்திருக்கிற நேரமெல்லாம் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள். தேய்ந்த வாஷர் ஒருநாள் நழுவி, இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே உரசும்.

சோதனை எளிது. இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னால் இருக்கிற பெல்ட் புல்லியைப் பாருங்கள். நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் ஆட்டம் மிஞ்சிவிட்டது. டயல் கேஜ் வைத்தால் 0.015 அங்குலத்தைத் தொட்டதும் மாற்றியாக வேண்டும். இன்ஜினை இறக்கத் தேவையில்லை. சம்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து, பழைய வாஷரை ஒரு மெல்லிய கம்பியால் சுற்றித் தள்ளி எடுத்துப் புதியதை நுழைக்கலாம். காடி வெட்டிய முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் கிராங்கையே தின்றுவிடும்.

மற்ற அளவுகள்: டாப்பெட் (வால்வு) இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டு வகை வால்வுக்கும் 0.010 அங்குலம். வால்வு எண்களைக் கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரிப் பாருங்கள்: ஒன்றாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யலாம், இரண்டுக்கு ஏழு, மூன்றுக்கு ஆறு. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015, ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.025 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

சூடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது இங்கே வழக்கமாகிவிட்டது; சூட்டுக்கு அது மருந்தில்லை. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பு கட்டியிருப்பதுதான் நோய். பிளாக்கின் பின்பக்கம் நாலாவது சிலிண்டரருகே ஒரு வடிகால் உண்டு. அதைக் கழற்றினால் பல வண்டிகளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது. கம்பியை விட்டுக் கிண்டினால் செம்மண் குழம்பு வரும். அது வந்து தண்ணீர் தெளியும்வரை கழுவி, பிறகு ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியில் பழைய பவுண்டு எண் எதுவோ அதையே வாங்குங்கள். புதுக் கார் மூடியின் அழுத்தத்தைப் பழைய சாலிடர் தாங்காது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பம்பின் டயஃப்ரமும் அதற்குத் தாங்காது. வைட்டான் உள்பூச்சுள்ள ஹோஸ் போட்டு, டயஃப்ரமையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்ததால் மிக்சர் ஏறக்குறைய ஏழெட்டு சதவீதம் லீன் (எரிபொருள் குறைவு) ஆகும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் 110 மெயின் ஜெட் என்றால் 115 போட்டுப் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பாக இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் ஜோடி எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால், ஜெட் நட்டை முழுவதும் மேலே ஏற்றிப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு சுற்று, இறக்கித் தொடங்குங்கள். இன்ஜின் சூடானதும் கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி ஏறியே நின்றால் ரிச் (எரிபொருள் அதிகம்), விழுந்தால் லீன், லேசாக ஏறி இறங்கினால் சரி. இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் என்பதால், சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். நடுவே அலுமினியத் தகடு ஒன்றும், கார்புரேட்டருக்கு அடியில் தடித்த ஃபைபர் கட்டையும் வைத்தால் பாதிக்குப் பாதி அடங்கும்.

கடைசியாக ஸ்பேனர். இந்த வண்டிகளில் நட்டெல்லாம் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. அரை அங்குல நட்டில் 13 மில்லி ஸ்பேனர் தளர்வாக உட்கார்ந்து முனையை மழுக்கும். 9/16-ல் 14 ஏறவே ஏறாது. போல்ட் இன்னும் மோசம். 5/16 யூ.என்.எஃப். (அங்குலக் கணக்கு நெருக்க மரை) போல்டும் 8 மில்லி போல்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் முன்னதற்கு அங்குலத்துக்கு 24 மரை, பின்னதன் இடைவெளி 1.25 மில்லி. இரண்டு சுற்று விரலாலேயே ஏறும், மூன்றாவதில் இறுகும்; அங்கே ஸ்பேனர் போட்டு இழுத்தால் மரை போச்சு. கடைக்குப் போகும்போது பழைய போல்டையும் அதன் நட்டையும் கையோடு கொண்டு போய், வாங்குகிற ஒவ்வொன்றையும் அந்த நட்டில் விரலால் கடைசிவரை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.